தேன்சிட்டைப் பார்ப்பதும் பிடிப்பதும்

பூநாரையைத் தேடிக் கோடியக்கரைக்கும் இருவாட்சியைத் தேடி வால்பாறைக்கும் செல்கிறவர்களின் எண்ணிக்கை கடந்த இருபது ஆண்டுகளில் வெகுவாகப் பெருகியிருக்கிறது. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவ்வாறு சென்று திரும்பும் நண்பர்களிடம், உங்கள் வீட்டு முருங்கை மரத்தில் என்னென்ன பறவைகள் வருகின்றன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு புன்னகைதான் பதிலாகக் கிடைக்கிறது. காக்கை, மைனா, அணில் என்று ஒருவர் அடுக்கினார். அணில் பறவையன்று என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. பயணம் செய்து பார்ப்பதே பார்ப்பது என்றும், மற்றதெல்லாம் கண்ணில் படுவது மட்டுமே என்றும் நம்மையறியாமல் ஒரு பிரிவினையை உருவாக்கி வைத்திருக்கிறோம்.

தோட்டத்துப் பறவைகளில் இந்தப் புறக்கணிப்பிலிருந்து தப்பியது தேன்சிட்டு. குறிப்பாக ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே ஏறத்தாழ எங்கும் காணக்கிடைக்காத இந்தச் சிறு பறவை, நம் ஊர்களில் செம்பருத்தியோ இட்லிப்பூவோ உள்ள எந்த வீட்டிலும் சாதாரணமாக வந்துபோகிறது. பத்து சென்டிமீட்டர் நீளம்தான். நிறமோ கண்ணைப் பறிப்பது. எனவே புதிதாகக் காமிரா வாங்குகிறவரின் முதல் பறவைப் படம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. செல்பேசிகளே தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் இக்காலத்தில் காமிராகூடத் தேவையில்லை. இவ்வளவு அதிகமாகப் படமெடுக்கப்படும் ஒரு பறவையைப் பற்றி நமக்கு இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது ஏன் என்பதே என் கேள்வி. படமெடுத்தலும் பார்த்தலும் ஒன்றல்ல என்பதும், சில இடங்களில் முன்னது பின்னதற்கு எதிராகவே செயல்படுகிறது என்பதும், கூட்டைப் படமெடுப்பதை நாம் முற்றாகக் கைவிடவேண்டும் என்பதும் என் கருத்துகள். அவற்றை இங்கே முன்வைக்கிறேன்.

*

தமிழில் படத்தை ‘எடுக்கிறோம்’ அல்லது ‘பிடிக்கிறோம்’. மீன் பிடிப்பது, கண்ணி வைத்துக் கௌதாரி பிடிப்பது என்ற வரிசையில்தான் படம் பிடிப்பதும் வந்து நிற்கிறது. சொல் தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனால் பறவையியலின் வரலாற்றைப் பார்த்தால் அது பொருத்தமாகவே படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையை அறிவது என்றால் அதைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, பெட்டியில் வைப்பது என்று பொருள். காங்கிரஸ் இயக்கத்தின் தோற்றத்தோடு நாம் தொடர்புபடுத்தும் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் 1885ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்த சேகரிப்பில் தோல்களும் முட்டைகளுமாகச் சுமார் 80,000 இருந்தன. சாலிம் அலியின் வாழ்க்கையே சிறுவயதில் அவர் காற்றுத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள்தொண்டைச் சிட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தச் சிட்டு என்ன இனம் என்று கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்ற சிறுவன்தான் பின்னாளில் 1941இல் ‘இந்தியப் பறவைகள்’ நூலை எழுதினார்.

ஆகவே துப்பாக்கியின் இடத்தில் காமிரா வந்தது பெரும் விடுதலை என்பதில் எனக்கு ஐயமில்லை. பறவை சாகவேண்டியதில்லை, ஆனால் சான்று கிடைக்கும். ஒரு படம் வல்லுநர் கையில் சென்றால் இனம், பால், வயது எல்லாம் தெரிந்துவிடும். இறகுதிர்க்கும் பருவம்கூடத் தெரியும். காமிராவைப் பழிப்பது என் நோக்கமன்று. நானும் படமெடுக்கிறவன்தான். ஆனால் துப்பாக்கியோடு சேர்ந்திருந்த ஒரு மனநிலை காமிராவுக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. ‘கிடைத்துவிட்டது’ என்ற உணர்வு அது. விசையை அழுத்தி, திரையில் பார்த்து, கண் கூர்மையாக விழுந்திருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டதும் பறவையோடு நமக்கிருந்த உறவு முடிந்துவிடுகிறது. அடுத்த பறவை எங்கே என்று கண் அலைகிறது. உண்மையில் அப்போதுதான் பார்ப்பது தொடங்கியிருக்கவேண்டும்.

*

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆணுக்கு உச்சந்தலையிலும் தோளிலும் உலோகப் பச்சை, தொண்டையிலும் பிட்டத்திலும் ஊதா, முதுகிலும் மார்புப் பட்டையிலும் பழுப்புச் சிவப்பு, வயிற்றில் மஞ்சள் என்று நூல்கள் சொல்கின்றன. படங்களும் அவ்வாறே காட்டுகின்றன. ஆனால் வேலிச்செடியில் தாவும் பறவையைச் சும்மா பத்து நிமிடம் பார்ப்பவருக்கு அது பெரும்பாலான நேரம் கருப்பாகத்தான் தெரியும். காரணம், அந்தப் பச்சையும் ஊதாவும் சாயம் போன்ற நிறமிகளால் ஆனவையல்ல. இறகிழைகளுக்குள் அடுக்கடுக்காக அமைந்த நுண்ணிய மெலனின் துணுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது சில அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில ஒன்றையொன்று அழிக்கின்றன. கோணம் மாறினால் நிறம் மாறும். கோணம் தவறினால் நிறமே இல்லை. வயிற்றின் மஞ்சள் மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மஞ்சள்தான்.

ஒளிப்படக்காரர் இருநூறு படங்கள் எடுத்து, நிறம் மின்னிய அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெளியிடுகிறார். அது பொய்யான படமன்று. ஆனால் அந்தப் பறவையின் வாழ்வில் அது ஒரு கணநேரத்து விபத்து. ஆண், போட்டியாளரின் முன் தோளைத் திருப்பிக் காட்டும்போது அந்தப் பச்சை பளிச்சிட்டு உடனே அணைவதைப் பார்த்தவருக்குத்தான் நிறம் அங்கே ஒரு பேச்சாகப் பயன்படுகிறது என்பது புரியும். படத்தில் அது ஆடையாக மட்டுமே எஞ்சுகிறது. ஜன்னல் கண்ணாடியிலும் மோட்டார்சைக்கிளின் பக்கக்கண்ணாடியிலும் தன் பிம்பத்தையே எதிரியென்று கருதி ஆண் தேன்சிட்டு மணிக்கணக்காகக் கொத்திக்கொண்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அழகு பார்த்துக்கொள்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அது அழகு பார்க்கவில்லை. எல்லைச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணாடியை ஒரு துணியால் மூடிவிடுவது பறவைக்கு நாம் செய்யும் எளிய உபகாரம்.

நிறத்தின் பின்னால் ஓடும் காமிரா இழக்கும் இன்னொன்று பெண் பறவை. இணையத்தில் காணக்கிடைக்கும் தேன்சிட்டுப் படங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆணுக்கு மிகப் பின்தங்கியே பெண் வருகிறது. மேலே மங்கிய பழுப்பு, தொண்டை சாம்பல் வெண்மை, மார்பில் இளமஞ்சள் என்றிருக்கும் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ‘ஊதாப்பிட்டு’ என்ற பெயரே ஆணுக்குரியது. பெண்ணுக்கு ஊதா கிடையாது. பெயரிலேயே பாதி இனத்தை விட்டுவிட்டோம். ஆனால் இந்த இனத்தில் கூடு கட்டுவது முழுக்கப் பெண்தான். ஆண் அருகில் பறந்து திரியும், பாடும், மற்ற ஆண்களை விரட்டும். ஒரு நாரைக்கூட எடுத்துவந்து வைக்காது. குஞ்சு பொரித்த பிறகு ஊட்டும் வேலையில் அதுவும் சேர்ந்துகொள்ளும் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

*

எங்கள் வீட்டுக் காகிதப்பூச் செடியில், ஜன்னலிலிருந்து எட்டடி தொலைவில், ஒருமுறை ஒரு பெண் தேன்சிட்டு கூடு கட்டியது. அந்தக் கூட்டின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நோட்டில் பதினொரு பக்கங்கள் இருக்கின்றன. ஜன்னலைத் திறக்காமல், திரையின் இடுக்கு வழியாகப் பார்த்து எழுதியவை.

முதலில் வந்தது ஒட்டடை. தாழ்வாரத்து ஓட்டின் அடியில் நாங்கள் தட்டாமல் விட்டிருந்த சிலந்தி நூலை அலகில் சுருட்டிக்கொண்டு போய்க் கிளை நுனியில் சுற்றியது. மறுபடி வந்தது. முதல் நாள் காலை ஒரு மணிநேரத்தில் பதினான்கு முறை வந்ததாகக் குறித்திருக்கிறேன். பிறகு காய்ந்த புல்நார், மரப்பட்டைத் துணுக்கு, புழுக்களின் எச்சம், எங்கிருந்தோ ஒரு துண்டுக் காகிதம். தொங்கும் பை போல அது உருவாகியபோது, குப்பை எதுவோ காற்றில் வந்து சிக்கிக்கொண்டது என்றே வீட்டுக்கு வந்தவர்கள் நினைத்தார்கள். அப்படி நினைக்கவேண்டும் என்பதுதான் அந்தத் தொழில்நுட்பமே. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் மழையும் வெயிலும் தடுக்கும் ஒரு சிறு கூரை நீட்டம். உள்ளே இலவம்பஞ்சு. பஞ்சைத் திணித்தபிறகு பறவை உள்ளே போய்ச் சுற்றிச் சுற்றித் தன் மார்பால் அழுத்தியதைப் பையின் சுவர் புடைத்து அடங்குவதிலிருந்து அறிய முடிந்தது. பிறகு சில நாட்கள் வாசலில் அலகின் நுனி மட்டும் தெரியும். தேன்சிட்டு பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். இரண்டு வாரங்களுக்குச் சற்று அதிகமாக அடைகாக்கும். குஞ்சுகள் வெளியேற ஏறத்தாழ அதே அளவு காலம் ஆகும்.

ஊட்டுவதற்குத் தேன் கொண்டுவரும் என்று எதிர்பார்ப்போம். வந்ததோ பெரும்பாலும் சிலந்தியும் சிறு புழுக்களும். தேன்சிட்டு என்ற பெயர் நம்மை இங்கே திசைதிருப்பிவிடுகிறது. பெரியவற்றுக்குத் தேன் போதும், குஞ்சு வளரப் புரதம் வேண்டும். அப்படியானால் பூச்சிமருந்து அடித்துப் புழுவே இல்லாமல் ஆக்கிய, ஒட்டடை எதுவும் ஒட்டாத ஒரு தோட்டம், எத்தனை பூக்கள் பூத்தாலும் தேன்சிட்டுக்கு வீடாகாது. சாப்பாட்டுக்கு வந்துபோகும் கடையாக மட்டுமே இருக்கும். சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைத் தொங்கவிட்டுப் படமெடுக்கக் காத்திருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். இந்த ஒரு செய்தியை எனக்குக் கற்பித்தது நோட்டுதான். எந்த ஒற்றைப் படமும் இதைச் சொல்லியிருக்காது.

வீட்டுப் பறவையைக் காலத்தோடு சேர்த்துப் பார்க்கும் இந்த முறை நமக்குப் புதிதன்று என்பதையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். குறுந்தொகையின் 46ஆம் பாடலில் மாமலாடன் ஒரு வீட்டுக்குருவியைக் காட்டுகிறார். பிரிவில் இருக்கும் தலைவி தோழியிடம் பேசுவதாக அமைந்த அந்தச் சிறு பாடலில் குருவியின் குவிந்த சிறகுக்கு வாடிய ஆம்பற்பூ உவமையாகிறது. அது முற்றத்தில் காயும் தானியத்தை உண்கிறது, பொதுவிடத்து எருவின் நுண்ணிய தூளில் குடைந்து ஆடுகிறது, பிறகு வீட்டு இறப்பில் தன் குஞ்சுகளோடு தங்குகிறது. நிறம், உணவு, புழுதிக் குளியல், கூடு அமையும் இடம் என்று ஒரு பறவை நோக்கர் குறிக்கவேண்டிய அனைத்தும் அதில் இருக்கின்றன. காலையிலிருந்து மாலைவரை அந்தக் குருவியைப் பார்த்த ஒருவரால்தான் அதை எழுதியிருக்க முடியும். அதனால்தான் கடைசியில் வரும் மாலைநேரத்துத் தனிமை நம்மைத் தைக்கிறது. குருவி வீடு திரும்பிவிட்டது, அவன் திரும்பவில்லை.

*

இப்போது கூட்டுப் படங்களுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குப் பலரோடும் கருத்து வேறுபாடு.

பறவை ஒளிப்படக்கலை கூட்டில்தான் தொடங்கியது என்பது வரலாறு. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், ரிச்சர்டும் செர்ரியும், 1892இல் முட்டைகளோடு கூடிய ஒரு கூட்டைப் படமெடுத்தார்கள். 1895இல் வெளிவந்த அவர்களது நூலும் பறவைக் கூடுகளைப் பற்றியதே. பறவையருகே செல்வதற்காக மாட்டின் தோலைப் பதப்படுத்தி, உள்ளீடற்ற பொய்மாடு ஒன்றைச் செய்து, அதற்குள் ஒளிந்திருந்து படமெடுத்தவர்கள் அவர்கள். அன்றைய காமிராக்கள் பாரமானவை, மெதுவானவை. பறந்து திரியும் பறவையை அவற்றால் தொடர முடியாது. பறவை திரும்பத் திரும்ப வந்தே தீரவேண்டிய ஓர் இடத்தில் காமிராவை நிறுத்திவைப்பது ஒன்றே வழி. அந்த இடம் கூடு. இந்த முறைக்கு ஒளிப்படக்காரர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். எரிக் ஹாஸ்கிங் 1937இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே இரவில் சென்றபோது அது பாய்ந்து தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார். பிற்காலத்தில் தன் வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பே அந்த இழப்பைச் சுட்டும் சிலேடை. தன் குஞ்சுகளைக் காக்க அந்த ஆந்தைக்கு வலிமை இருந்தது. தேன்சிட்டுக்கு இல்லை. அது ஓரமாக நின்று கீச்சிடும், அவ்வளவே.

அன்று கூட்டைத் தவிர வேறு வழியில்லை. இன்று நிலைமை அப்படியா? பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துக் குவியம் கொள்ளும் காமிராக்கள் வந்துவிட்டன. இட்லிப்பூச் செடியருகே அரைமணி நேரம் அசையாமல் அமர்ந்தால் போதும். பூவில் தலைகீழாகத் தொங்குவதை, குழல் நீண்ட பூவின் அடியைத் துளைத்துத் தேனைத் திருடுவதை, அலகில் சிலந்தி நூலோடு நிற்பதை எல்லாம் எடுத்துவிடலாம். இவ்வளவு வசதிக்குப் பிறகும் கூட்டருகே செல்கிறோம் என்றால் அதற்குக் காரணம் சோம்பல். பறவை நம்மிடம் வரும்வரை காத்திருக்க மனமில்லை. அது வந்தே ஆகவேண்டிய இடத்தில் போய் நிற்கிறோம்.

விளைவுகளை ஊகிக்க வேண்டியதில்லை. ஆள் நிற்கும்போது தாய் வராது. வெயிலில் முட்டையும், பசியில் குஞ்சும் காத்திருக்கும். ‘மறைக்கிறது’ என்று ஓர் இலையை ஒதுக்குகிறோம், ஒரு குச்சியை ஒடிக்கிறோம். அந்த இலைதான் கூட்டுக்கு நிழலும் மறைவும். மனிதர் எதை உற்றுப் பார்க்கிறார் என்பதைக் காக்கை உற்றுப் பார்க்கும். வால்காக்கை, செண்பகம், ஓணான், பூனை என்று காத்திருப்பவர்களின் வரிசை நீளமானது. குஞ்சுகள் பறக்கும் பருவத்தை நெருங்கியிருந்தால் அச்சத்தில் முன்கூட்டியே கூட்டைவிட்டுக் குதித்துவிடும். தரையில் விழுந்த குஞ்சின் ஆயுள் பெரும்பாலும் சில மணிநேரம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தரைத்தளத்து நந்தியாவட்டையில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. யாரோ படமெடுத்துக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். மாலைக்குள் குழந்தைகளும் பெரியவர்களுமாகப் பலர் வந்து பார்த்தார்கள். எல்லோரும் அன்போடுதான் வந்தார்கள். ஒருவர் கூட்டின் வாசல் நன்றாகத் தெரியட்டும் என்று முன்னாலிருந்த கொப்பை நூல் கட்டி ஒதுக்கினார். மூன்றாம் நாள் காலை பை கிழிந்து தொங்கியது. காக்கையாக இருக்கலாம். படமெடுத்ததால்தான் இது நடந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. யாரும் பார்க்காத கூடுகளும் இப்படி அழிகின்றன. ஆனால் அந்தக் கூட்டின் ஒரே பாதுகாப்பு அது இருப்பது யாருக்கும் தெரியாது என்பதுதான். அதை நாம் எடுத்துவிட்டோம். அந்தப் படத்துக்கு வந்த பூங்கொத்துகளும் இதயங்களும் குழுவில் இன்னும் இருக்கின்றன. கூடு கிழிந்ததை யாரும் குழுவில் போடவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை எனக்குத் தெரியும். பெரிய லென்ஸ் வைத்துத் தொலைவிலிருந்து எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்பார்கள். கெடாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் நின்ற தொலைவு படத்தில் தெரிவதில்லை. அதைப் பார்த்து வியக்கும் இளைஞரிடம் அந்த லென்ஸ் இல்லை, செல்பேசிதான் இருக்கிறது. அவர் கிட்டப் போவார். ஆவணப்படுத்தவேண்டாமா என்பது அடுத்த கேள்வி. தேன்சிட்டின் கூடு எப்படி இருக்கும் என்பது நூறாண்டுகளுக்கும் மேலாக ஆவணப்பட்ட செய்தி. புதிதாக அறியவேண்டியது இருந்தால் ஆய்வாளர்கள் உரிய அனுமதியோடும் பயிற்சியோடும் அதைச் செய்யட்டும். குழந்தைகளுக்குப் பறவை மீது அன்பு வரவேண்டாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்று உண்டு. தாய்ப்பறவை நூலெடுத்துச் செல்வதை ஜன்னலுக்குள் நின்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அன்போடு அடக்கமும் வரும்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். இந்தியாவில் பல காட்டுயிர் ஒளிப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. செல்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைத்துப் படமெடுப்பதையும் இதே வரிசையில்தான் வைப்பேன். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று பதறி வரும் ஆண் சிட்டின் படம், சொல்லப்போனால், ஒரு பதற்றத்தின் படம்.

*

இலக்கிய வாசகர்களுக்கான இடத்தில் இவ்வளவு நேரம் பறவையைப் பற்றிப் பேசியதற்கு ஒரு காரணம் உண்டு. நவீனத் தமிழ்க் கவிதையில் ‘ஒரு பறவை’ அடிக்கடி பறந்து செல்கிறது. பெரும்பாலும் அதற்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, வேளை கிடையாது. கவிஞரின் தனிமையையோ விடுதலையையோ சுமந்துகொண்டு அது வானத்தில் மறைந்துவிடும். ஐங்குறுநூற்றில் வெள்ளாங்குருகுக்குப் பத்து, சிறுவெண்காக்கைக்குப் பத்து, கிளிக்குப் பத்து, மயிலுக்குப் பத்து என்று பாடல்கள் பெயர்சொல்லி நிற்கும் மொழியில் இது ஓர் இழப்பு என்றே நினைக்கிறேன். விதிவிலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. பொதுப்போக்கைச் சொல்கிறேன்.

பெயர் மறந்த இடத்தில் கடன்பெயர் வந்து அமர்கிறது. தேன்சிட்டை ‘ஹம்மிங் பறவை’ என்று எழுதுகிறவர்களை அச்சிதழ்களிலேயே பார்க்கிறோம். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. அவற்றின் நெருங்கிய உறவினர் உழவாரன்கள். தேன்சிட்டுகளோ ஆப்பிரிக்கா முதல் ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவிய வேறொரு குடும்பம், குருவிகளின் பெரும்பிரிவைச் சேர்ந்தவை. பூவிலிருந்து தேன் குடிக்கும் தொழில் இரண்டுக்கும் தனித்தனியே ஒரே மாதிரியான நீண்ட அலகைத் தந்திருக்கிறது. ஹம்மிங் பறவை அந்தரத்தில் நின்று குடிக்கும், தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் அமர்ந்துதான் குடிக்கும். இதைத் தெரிந்துகொள்ள நூல் தேவையில்லை, செம்பருத்திச் செடியருகே ஐந்து நிமிடம் நின்றால் போதும். இப்போது கணினி வரைந்துதரும், எங்கும் இல்லாத பறவைகளின் படங்களும் பெருகிவிட்டன. தேன்சிட்டின் நிறமும் ஹம்மிங் பறவையின் பறத்தலும் கலந்த அத்தகைய படத்தைப் பொய்யென்று கண்டுகொள்ளப் படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணால் இயலாது. பறவையைப் பார்த்த கண்ணால் இயலும்.

இந்த இரண்டையும், பார்த்தலையும் படமெடுத்தலையும், பகையில்லாமல் சேர்த்து வைத்திருந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். இறுதிவரை கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய பருத்த காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருந்தார். 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் அவர் எழுதிவந்த பத்தியில் புலியும் யானையும் மட்டுமல்ல, காக்கையும் அணிலும் ஓணானும் வந்தன. தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலில் அவற்றை வாசிக்கலாம். நிறமே இல்லாத படம் எடுத்தவருக்குப் பறவையின் நடத்தைதான் பொருளாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். அவரது படத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பத்தி உரைநடை இருந்தது. இன்று நாம் இழந்திருப்பது காமிராவையல்ல, அந்தப் பத்தியை.

*

சாதாரணப் பறவையைக் குறித்துவைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். வீட்டுக்குருவி அழிந்துகொண்டிருக்கிறது என்று பல ஆண்டுகள் நாம் எல்லோரும் சொல்லிவந்தோம். செல்பேசிக் கோபுரங்களைக் காரணம் காட்டினோம். ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை 2020இல் வெளியானபோது, பெருநகரங்களில் குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்று தெரியவந்தது. 2023இல் வந்த அடுத்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை 30,000க்கும் மேற்பட்டவர்கள் பதிவுசெய்த மூன்று கோடிக் குறிப்புகள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள். அரிய பறவையை மட்டும் பதிந்து, மைனாவையும் தேன்சிட்டையும் ‘இது எதற்கு’ என்று அவர்கள் விட்டிருந்தால் அந்த அறிக்கை இல்லை. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாட்களில் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் மாடியில் நின்று கண்டதையெல்லாம் எழுதினாலே போதும்.

ஆகவே என் யோசனை எளியது. ஒரே ஒரு பறவையை, வீட்டில் இருந்தபடி, ஓராண்டு பாருங்கள். ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், வெயிலா மழையா, எந்தப் பூவில், ஆணா பெண்ணா, என்ன செய்தது. முருங்கை பூக்கும்போது வருகிறதா, வாழைப்பூ விரியும்போதா, ஐப்பசி மழையில் எங்கே ஒதுங்குகிறது. படமும் எடுங்கள், தாராளமாக. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று வரிகள் எழுதமுடிந்தால் மட்டுமே அதை வெளியிடுங்கள். கூடு கண்ணில் பட்டால் இரண்டடி பின்வாங்குங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், ஒட்டடையை ஒரு மாதம் தட்டாமல் விடுங்கள். வீட்டில் திட்டுவார்கள். காரணத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்.